கணினி வினா விடை: பெயர் சரி, யாரிடம் கேட்டீர்கள்?

இம்மாதம் எமக்கு வந்த மடல்களுள் ஐந்து, ஊரால் வேறுபட்டாலும் பொருளால் ஒன்றாக இருந்தன. ஒரு கணினி விழுந்தால் மற்றொன்று தாங்கிக்கொள்ளும்படி தரவுத்தளச் சேவையகக் கொத்தணி அமைக்க முயன்ற வாசகர்கள், வன்பொருளிலோ தரவுத்தள மென்பொருளிலோ அல்லாமல், வலையமைப்புப் பெயரிலேயே இடறி நின்றிருக்கிறார்கள். ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியுள்ளோம்.

விடைகளுக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். நம்முடைய ஊரைக் கடிதத்தில் திருகோணமலை என்று எழுதுகிறோம். பஸ் நிலையத்தில் திருமலை என்கிறோம். ஆங்கிலத்தில் பேசுவோர் ட்ரிங்கோ என்கிறார்கள். மூன்றும் ஒரே இடம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் சென்னையில் நின்றுகொண்டு "திருமலைக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்பவர் கோணேசர் சந்நிதிக்கு வந்து சேரமாட்டார். வேங்கடவன் சந்நிதியில் போய் இறங்குவார். பெயரிலும் பிழையில்லை, விடை சொன்னவரிலும் பிழையில்லை. கேட்ட இடம்தான் வேறு. கொத்தணிகளில் நேரும் பெயர்ச் சிக்கல்களுள் நான் கண்டவற்றில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. எந்தக் கணினி, எந்தப் பெயரை, யாரிடம் கேட்டது, என்ன விடை பெற்றது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் பொறுமை இருந்தால், கீழுள்ள ஐந்து கேள்விகளில் மூன்றேனும் எழுதப்படாமலே போயிருக்கும்.

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, உவர்மலையில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பணிபுரிகிறேன். தலைமை அலுவலகம் கொழும்பில் உள்ளது. இரண்டு விண்டோஸ் சேர்வர் கணினிகளைக் கொத்தணியாக்கி, எஸ்கியூஎல் சேர்வர் தரவுத்தளத்தை இரு கணினிகளிலும் வைத்திருக்கும் 'ஒல்வேய்ஸ் ஒன்' வசதியை அதன்மேல் அமைத்தேன். கொத்தணி எழுந்துவிட்டது, சரிபார்ப்பு அறிக்கையிலும் குறையில்லை. ஆனால் செயலிகள் வந்து இணைவதற்கான 'லிசனர்' பெயரை உருவாக்கும்போது 19471 என்ற பிழை எண் வருகிறது. வலையமைப்புப் பெயரை இயங்குநிலைக்குக் கொண்டுவர முடியவில்லை என்றும், அப்பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கலாம் என்றும் செய்தி சொல்கிறது. அப்பெயரில் வேறு கணினி எதுவும் இல்லை என்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். நிறுவன வலையமைப்பு முழுவதற்கும் பொறுப்பான ஆள்கள நிர்வாகியின் கணக்கிலேயே உள்நுழைந்திருப்பதால் அனுமதிக் குறைவும் இருக்க முடியாது. வேறு என்ன காரணம்?
வாசகர், உவர்மலை

பதில்: இருக்க முடியாது என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட அனுமதிக் குறைவே காரணமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். கொத்தணி மேலாண்மைத் திரையில் அந்த லிசனருக்குரிய ஐபி முகவரி இயங்குநிலையில் இருக்க, பெயர் மட்டும் தோல்வி என்று காட்டுகிறதா, நிகழ்வுப் பதிவேட்டில் 1194 என்ற எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இருந்தால், நிறுவனத்தின் கணினிகளுக்கும் பயனர்களுக்குமான கணக்குகளை வைத்திருக்கும் பதிவேடாகிய அக்டிவ் டிரெக்டரியில் அந்தப் பெயருக்குரிய கணினிக் கணக்கை உருவாக்க முடியவில்லை என்பதே அதன் பொருள்.

உங்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்தக் கணக்கை உருவாக்கப் போவது நீங்கள் இல்லை. கொத்தணியை நிறுவியபோது அதன் பெயரிலேயே ஒரு கணினிக் கணக்கு அக்டிவ் டிரெக்டரியில் உண்டானது. அதை உண்டாக்கியது உங்கள் அதிகாரம். அதன்பின் கொத்தணிக்குள் பிறக்கும் ஒவ்வொரு புதிய பெயருக்கும், லிசனர் பெயர் உட்பட, கணக்கை உருவாக்க வேண்டியது அந்த முதற் கணக்கே. காணி உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் உறுதி எழுதும் நாளில் நொத்தாரிசு முன் நிற்பவர் அற்றோணித் தத்துவம் பெற்றவர் என்றால், அவர் கையில் உள்ள பத்திரத்தைத்தான் நொத்தாரிசு பார்ப்பார்.

எனவே அக்டிவ் டிரெக்டரியில், கொத்தணியின் கணக்கு எந்த நிர்வாக அலகுக்குள் இருக்கிறதோ அந்த அலகின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து, கொத்தணிக் கணக்கைச் சேர்த்து, கணினிக் கணக்குகளை உருவாக்கும் அனுமதியையும் எல்லாப் பண்புகளையும் வாசிக்கும் அனுமதியையும் அதற்குக் கொடுங்கள். அந்தப் பாதுகாப்புப் பகுதி, மேம்பட்ட காட்சியைத் தெரிவு செய்தால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். கணக்கைத் தேடும் பெட்டியும் இயல்பாகக் கணினிகளைத் தேடுவதில்லை. பொருள் வகைகளில் கணினிகள் என்பதையும் சேர்க்காவிட்டால் "அப்படி ஒரு பெயர் இல்லை" என்றே சொல்லும். இந்தச் சிறு பெட்டியில் ஒரு மணித்தியாலத்தைத் தொலைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

அனுமதி கொடுக்கத் தலைமை அலுவலகம் இணங்காவிட்டால் வேறு வழியுண்டு. லிசனரின் பெயரில் ஒரு கணினிக் கணக்கை அவர்களே முன்கூட்டி உருவாக்கி, அந்த ஒரு கணக்கின்மீது மட்டும் கொத்தணிக் கணக்குக்கு முழுக் கட்டுப்பாட்டைக் கொடுக்கலாம். பாதுகாப்பு நோக்கில் எனக்கு இதுவே அதிகம் பிடித்த முறை. கொத்தணியின் சொந்தக் கணக்கையே இப்படி முன்கூட்டி உருவாக்குவதானால், அதை முடக்கிய நிலையில் வைக்க வேண்டும். முடக்காமல் விட்டால் நிறுவல் நிரல் அதை வேறொருவர் பயன்படுத்தும் பெயராகக் கருதி நின்றுவிடும்.

உங்கள் மடலில் கொழும்பு என்ற சொல்லைக் கண்டதும் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கணக்கை அவர்கள் கொழும்பில் உள்ள ஆள்களக் கட்டுப்படுத்தியில் (அக்டிவ் டிரெக்டரியின் பிரதியை வைத்திருக்கும் சேவையகத்தில்) உருவாக்கி, உங்கள் கணுக்கள், அதாவது கொத்தணியின் உறுப்புக் கணினிகள், திருகோணமலையில் உள்ள கட்டுப்படுத்தியைக் கேட்டுக்கொண்டிருந்தால், அக்கணக்கு இங்கு வந்து சேரும்வரை இல்லாத கணக்கே. இரு தளங்களுக்கிடையே அக்டிவ் டிரெக்டரி தன்னை நகலெடுக்கும் இடைவெளி, யாரும் மாற்றாதவரை, 180 நிமிடம். அதை 15 நிமிடம் வரை குறைக்கலாம். தொலைபேசியில் "செய்துவிட்டோம்" என்று அவர்கள் சொல்வதும் "வரவில்லை" என்று நீங்கள் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கக்கூடிய மூன்று மணித்தியாலங்கள் அவை.

சில மாதம் ஒழுங்காக ஓடிய கொத்தணியில் திடீரென இதே நிலை வந்தால், கணக்கு நீக்கப்பட்டதா என்று பாருங்கள். ஆண்டிறுதிப் பட்டியலைச் சுத்தம் செய்யும் உத்தியோகத்தர், அலுவலகத்தில் எங்கும் காணாத பெயரில் ஒரு கணினி இருப்பதைக் கண்டு அழித்துவிடுவது உண்டு. உடலில்லாத கணினி என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். கொத்தணி மேலாண்மைத் திரையில் அக்டிவ் டிரெக்டரிப் பொருளைப் பழுதுபார்க்கும் கட்டளை இதற்காகவே உள்ளது. தவறுதலாக நீக்குவதைத் தடுக்கும் பெட்டியில் அடையாளமிட்டு, விவரிப்புப் பகுதியில் இது கொத்தணிக்குரியது என்று எழுதிவையுங்கள்.

பெயர் உண்மையாகவே எடுக்கப்பட்டிருப்பதும் இடைக்கிடை நேர்வதே. உதவி செய்யும் எண்ணத்தில் ஒருவர், பெயரைக் கேட்டால் ஐபி முகவரியைச் சொல்லும் சேவையாகிய டிஎன்எஸ்ஸில், அந்தப் பெயருக்கு முன்கூட்டியே கையால் பதிவு போட்டிருப்பார். பாதுகாப்பான இற்றைப்படுத்தல் மட்டுமே அனுமதிக்கப்பட்ட வலயத்தில் (டிஎன்எஸ் பதிவுகளின் தொகுப்பில்), பதிவின் உரிமையாளரே அதை மாற்றலாம். ஆகவே கொத்தணி தன் முகவரியை எழுத முயன்று தோற்று, 1196 என்ற நிகழ்வை விட்டுச்செல்லும். அந்தப் பதிவை அழித்துவிட்டு, கொத்தணி தானே பதிய விடுங்கள்.

கேள்வி: ஐயா, சேவையகங்களுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? அல்லது ஊர்ப் பெயருடன் அடிக்கோடு சேர்த்து வைக்கலாமா?
மாணவர், நிலாவெளி

பதில்: அடிக்கோடு வேண்டாம். கணினிப் பெயர்களில் ஆங்கில எழுத்து, இலக்கம், இணைப்புக்கோடு ஆகியவை மட்டுமே என்ற விதி 1985ஆம் ஆண்டின் ஆர்எப்சி 952 என்ற இணைய நியம ஆவணத்திலிருந்து வருவது. 1989இல் வந்த ஆர்எப்சி 1123, பெயர் இலக்கத்தில் தொடங்கவும் இடமளித்தது. அடிக்கோட்டை விண்டோஸ் சில இடங்களில் பொறுத்துக்கொள்ளும் என்பதனாலேயே அது ஆபத்தானது: ஒரு மென்பொருள் ஏற்க, அடுத்தது மறுக்க, இரண்டுக்கும் இடையில் நீங்கள் நிற்பீர்கள். தமிழ்ப் பெயர் இணைய முகவரிகளில் இயலும், '.இலங்கை' என்ற மேல்நிலை ஆள்களமே உள்ளது. ஆனால் டிஎன்எஸ்ஸுக்குள் அது ஆங்கில எழுத்துகளின் நீண்ட குறியீடாகவே போகிறது. தரவுத்தளக் கொத்தணியின் உள்வேலைக்கு அந்தச் சுமை தேவையில்லை. தமிழ்ப் பெயரை விவரிப்புப் பகுதியில் எழுதிவையுங்கள்.

நீளத்தில் கவனம் வேண்டும். டிஎன்எஸ்ஸில் புள்ளிகளுக்கிடையே ஒரு பகுதி 63 எழுத்துகள் வரை போகலாம். விண்டோஸின் பழைய நெட்பயோஸ் பெயருக்கோ 15 எழுத்துகளே. திருகோணமலையை ஆங்கிலத்தில் முழுமையாக எழுதினாலே 11 எழுத்துகள் போய்விடும். அதன்பின் ஓர் இணைப்புக்கோடும் டேட்டாபேஸ் என்ற சொல்லும் 1, 2 என்ற இலக்கமும் வைத்தால், 15ஆவது எழுத்தோடு வெட்டப்பட்ட பின் இரண்டு சேவையகங்களும் ஒரே பெயரில் நிற்கும். வேறுபடுத்த வைத்த இலக்கம்தான் முதலில் வெட்டுப்படும். ட்ரிங்கோ என்ற சுருக்கத்தைப் பயன்படுத்துங்கள். அதற்கு ஆறே எழுத்துகள்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, எமது கூட்டுறவு அமைப்புக்காக மூன்று உபுண்டு லினக்ஸ் கணினிகளில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இன்னோடிபி கொத்தணி அமைக்கிறேன். ஒரு கணினியில் நிறுவிச் சீராக்கிய பின் அதையே இரு பிரதிகள் எடுத்தேன். முதற் கணினியைச் சேர்க்கும்போதே அதன் முகவரி 127.0.1.1 ஆக இருப்பதால் ஏற்க முடியாது என்ற செய்தி வந்தது. அதை எப்படியோ தாண்டினேன். இப்போது இரண்டாவது கணினி இணைந்து, நெடுநேரம் 'ரிக்கவரிங்' என்ற மீள்நிலையில் நின்று, பிறகு விலகிவிடுகிறது. என்எஸ்லுக்அப் கட்டளையில் மூன்று பெயர்களுக்கும் சரியான முகவரி வருகிறது. ஆகவே பெயரில் பிழையில்லை என்று எண்ணுகிறேன். சரியா?
வாசகர், கிண்ணியா

பதில்: அந்த "எப்படியோ" என்ற சொல்லில்தான் உங்கள் சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஆனாலும் அடிப்படையிலிருந்தே வருவோம்.

உபுண்டு உட்பட டெபியன் குடும்பத்து இயங்குதளங்களை நிறுவும்போது, அந்தக் கணினியின் பெயருக்கு 127.0.1.1 என்ற முகவரியை, கணினியின் சொந்தப் பெயர்-முகவரிப் பட்டியலான ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிவிடும் வழக்கம் உண்டு. 127 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம் கணினி தன்னையே குறிப்பவை. தனித்து இயங்கும் கணினிக்கு அதனால் கேடில்லை. கொத்தணியிலோ, முதற் கணினி தன் பெயரைத் தானே தேடி, 127.0.1.1 என்று விடை பெற்று, அதையே தன் முகவரியாகக் கொள்ளப் பார்க்கிறது. மற்றக் கணினிகள் அந்த முகவரிக்குப் போனால், ஒவ்வொன்றும் தன் வீட்டுக் கதவையே தட்டும். மென்பொருள் அதை ஏற்க மறுத்தது உங்களைக் காப்பாற்றவே.

மூன்று கணினிகளிலும் அந்த வரியை நீக்கிவிட்டு, மூவருடைய பெயர்களும் உண்மையான ஐபி முகவரிகளும் கொண்ட ஒரே மூன்று வரிகளை, ஒரெழுத்தும் மாறாமல், மூன்றிலும் எழுதுங்கள். 127.0.0.1 என்ற முகவரிக்குரிய 'லோக்கல்ஹோஸ்ட்' வரி அப்படியே இருக்கட்டும்; அதை அழிப்பவர்களும் உண்டு, அழித்தபின் வேறு மென்பொருள்கள் படுத்துவிடும்.

இனி நீங்கள் நம்பியிருக்கும் என்எஸ்லுக்அப் பற்றி. அந்தக் கட்டளை டிஎன்எஸ் சேவையகத்தை நேரே கேட்கிறது. உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பை அது திறந்தும் பார்ப்பதில்லை. தரவுத்தளமோ இயங்குதளத்தின் வழியாகக் கேட்கிறது. உபுண்டுவில் அந்த வழி பெரும்பாலும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலிருந்தே தொடங்கும். எனவே உங்களுக்குக் கிடைத்த விடையும் மைஎஸ்கியூஎல்லுக்குக் கிடைத்த விடையும் வெவ்வேறாக இருக்கலாம். தரவுத்தளம் கேட்பதைப் போலவே கேட்க, 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' என்ற கட்டளையுடன் பெயரைக் கொடுங்கள். மூன்று கணினிகளிலும் மூன்று பெயர்களுக்குமாக ஒன்பது விடைகளை எழுதிக்கொண்டு ஒப்பிடுங்கள். ஒன்பதில் ஒன்று மாறினாலும் கொத்தணி நிலைத்து இயங்காது.

இரண்டாவது கணினி மீள்நிலையில் தொங்குவதற்கும் இதே வேர்தான். புதிதாக வரும் உறுப்பினர், விட்டுப்போன தரவைப் பெறுவதற்காகக் குழுவில் உள்ள ஒருவரிடம் மைஎஸ்கியூஎல் இணைப்பு ஒன்றைத் திறக்க வேண்டும். எங்கே திறப்பது என்பதை அந்தப் பழைய உறுப்பினர் தன்னைப்பற்றி அறிவித்துள்ள பெயரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அமைப்புக் கோப்பில் 'ரிப்போர்ட் ஹோஸ்ட்' என்ற மாறியில் எதுவும் எழுதப்படாவிட்டால், அறிவிக்கப்படுவது இயங்குதளத்தின் கணினிப் பெயர். நீங்கள் பிரதி எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள்; பிரதிகளில் கணினிப் பெயரை மாற்றினீர்களா? மாற்றாவிட்டால் மூவரும் ஒரே பெயரைச் சொல்வார்கள். புதியவர் அப்பெயரைத் தேடித் தன்னிடமே வந்து சேருவார். முயற்சிகள் இயல்பாகப் பத்து. சுற்றுகளுக்கிடையே 60 வினாடி ஓய்வு. அதுதான் நீங்கள் கண்ட நெடுநேரம். அதன் பின் உறுப்பினர் குழுவிலிருந்து விலகிவிடுகிறார்.

ஆகவே ஒவ்வொரு கணினிக்கும் தனிப்பெயர் கொடுத்து, 'ரிப்போர்ட் ஹோஸ்ட்' மாறியில் மற்ற இருவருக்கும் விளங்கும் பெயரை எழுதி, மைஎஸ்கியூஎல்லை மறுதொடக்கம் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மாறியை மாற்ற முடியாது. பிரதி எடுத்தவர்களுக்கு வரும் வேறொரு சங்கடத்தையும் இதோடு தீர்த்துவிடுங்கள். தரவுக் கோப்புறையில் 'ஓட்டோ' என்ற பெயருடைய சிறு அமைப்புக் கோப்பில் சேவையகத்தின் அடையாள எண் உள்ளது. மூன்றிலும் அது ஒன்றாகவே இருக்கும். பிரதிகளில் மைஎஸ்கியூஎல்லை நிறுத்தி, அக்கோப்பை நீக்கித் தொடங்கினால் புதிய எண் தானே பிறக்கும்.

பெயர்களின் இறுதியில் 'லோக்கல்' என்று வைத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அந்த ஈற்றுப்பெயர், டிஎன்எஸ் சேவையகம் இன்றி அயலில் உள்ள கருவிகளைத் தேடும் முறைக்காக 2013இல் ஆர்எப்சி 6762 வழியே ஒதுக்கப்பட்டுவிட்டது. சில லினக்ஸ் கணினிகள் அப்படி முடியும் பெயரை டிஎன்எஸ்ஸிடம் கேட்காமலே "இல்லை" என்று முடித்துவிடும். என்எஸ்லுக்அப் அப்போதும் சரியான விடையையே காட்டும்.

ஹோஸ்ட்ஸ் கோப்பை நான் பரிந்துரைப்பதால் அதை அன்புடன் பார்க்கிறேன் என்று எண்ண வேண்டாம். ஓர் அலுவலகத்தில் முகவரித் திட்டத்தை மாற்றியபின் மூன்றில் ஒரு கணு மட்டும் இரவுதோறும் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் தேடியபின், அந்தக் கணுவின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எவரோ முன்பு எழுதிய பழைய முகவரி கிடைத்தது. வரியின் பக்கத்திலிருந்த குறிப்பைப் படித்தபோது, எழுதியவன் நானே என்று தெரிந்தது. மூன்று கணினிகள் உள்ளவரை அக்கோப்பு போதும். ஐந்தாறு ஆகுமானால் உள்ளக டிஎன்எஸ் ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, சீனக்குடாவில் உள்ள எமது களஞ்சிய அலுவலகத்தில் இரு கணு விண்டோஸ் கொத்தணி ஒன்றுள்ளது. கணுவின் பெயருக்குப் பிங் கொடுத்தால் சிலவேளை விடை வருகிறது, சிலவேளை வருவதில்லை. மின்வெட்டுக்குப் பின் நிலைமை மோசம். பாதுகாப்புக்காக இரண்டாவது டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 கொடுத்திருக்கிறேன். இணைப்புக் கம்பிகளையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.
வாசகர், சீனக்குடா

பதில்: கம்பிகளைப் பழையபடி போட்டுவிடுங்கள். சிலவேளை வரும், சிலவேளை வராது என்ற நோய்க்குறியே, இருவர் இரு விடை சொல்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

பாதுகாப்புக்காக நீங்கள் கொடுத்த அந்த இரண்டாவது முகவரிதான் பாதுகாப்பைக் கெடுக்கிறது. முதலாவது சேவையகத்துக்குத் தெரியாவிட்டால் இரண்டாவதைக் கேட்கும் என்பது பரவலான எண்ணம், நடப்பது அதுவன்று. முதலாவது பேசாமல் இருந்தால் மட்டுமே இரண்டாவது கேட்கப்படும். உங்கள் உள்ளகச் சேவையகம் ஒருமுறை தாமதித்தாலும், மின்வெட்டுக்குப் பின் எழுந்திராவிட்டாலும், கேள்வி 8.8.8.8 இல் உள்ள கூகுளிடம் போகிறது. உங்கள் களஞ்சியத்துக் கணினியின் பெயர் அதற்கு எப்படித் தெரியும்? "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று உறுதியாகச் சொல்கிறது. அதுவும் முறையான விடையே என்பதால் விண்டோஸ் மேலும் தேடுவதில்லை, அந்த "இல்லை"யைச் சிறிது நேரம் பதுக்கு நினைவகத்திலும் வைத்துக்கொள்கிறது. ஆள்களத்தில் சேர்ந்த எந்தக் கணினியிலும் ஆள்களத்தின் டிஎன்எஸ் முகவரிகளைத் தவிர வேறு எதையும் எழுதாதீர்கள். வெளியுலகப் பெயர்களைத் தேடும் வேலையை அந்த டிஎன்எஸ் சேவையகமே முன்னனுப்பல் மூலம் செய்யட்டும். இரண்டாவது வேண்டுமென்றால் இரண்டாவது ஆள்களக் கட்டுப்படுத்தி ஒன்றை வையுங்கள். ரவுட்டரிலிருந்து தானாக முகவரி பெறும் கணினிகளையும் பாருங்கள். அங்கே ரவுட்டரே தன்னை டிஎன்எஸ் என்று அறிமுகம் செய்துகொண்டிருக்கும்.

இரண்டாவது ஐயம்: கணுக்கள் தமக்குள் "நான் இயங்குகிறேன்" என்ற உயிர்த்துடிப்பைப் பரிமாறிக்கொள்ளத் தனி வலையமைப்பு அட்டை வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த அட்டையின் அமைப்பில், இவ்விணைப்பின் முகவரியை டிஎன்எஸ்ஸில் பதிவு செய்யும் பெட்டி அடையாளமிடப்பட்டிருந்தால், கணுவின் பெயருக்கு இரண்டு முகவரிகள் பதிவாகியிருக்கும். அவற்றில் ஒன்று இரு கணுக்களுக்கும் இடையேயான கம்பியில் மட்டுமே உள்ளது. அலுவலகக் கணினிகளால் அங்கு போக இயலாது. டிஎன்எஸ் முகவரிகளை முறைமாற்றிக் கொடுப்பதால், முதலில் எது வருகிறதோ அதைப் பொறுத்துப் பிங் வெல்லும் அல்லது தோற்கும். அந்த அட்டையில் பதிவு செய்யும் பெட்டியையும் டிஎன்எஸ் முகவரிகளையும் வெறுமையாக்கி, பழைய பதிவை டிஎன்எஸ்ஸிலிருந்து கையால் நீக்குங்கள். தானாக மறையும் என்று காத்திருக்க வேண்டாம்.

மின்வெட்டைப் பொறுத்தவரை, ஜெனரேட்டர் வந்ததும் எல்லாக் கணினிகளையும் ஒன்றாக உயிர்ப்பிக்காமல், ஆள்களக் கட்டுப்படுத்தி முதலில் எழுந்து டிஎன்எஸ் விடை சொல்லத் தொடங்கியபின் கணுக்களைத் தொடங்குங்கள். அந்தக் கட்டுப்படுத்தி அதே கொத்தணியின்மேல் ஒரு மெய்நிகர்க் கணினியாக ஓடினால், கோழியா முட்டையா என்ற நிலைதான். விண்டோஸ் சேர்வர் 2012 முதல், கட்டுப்படுத்தி இல்லாமலும் கொத்தணி எழும். ஆனாலும் ஒரு கட்டுப்படுத்தியையேனும் கொத்தணிக்கு வெளியே, தனிப் பெட்டியில் வைப்பதே நல்லது.

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, எமது நிறுவனத்தின் எஸ்கியூஎல் சேர்வர் கொத்தணியில் ஒரு கணு திருகோணமலையிலும் மற்றது கொழும்பிலும், வெவ்வேறு சப்நெட்டுகளில் (தனித்தனி முகவரி வரம்புள்ள வலையமைப்புப் பகுதிகளில்) உள்ளன. ஒத்திகையாகக் கொழும்புக்கு மாற்றினோம். கொழும்பில் உள்ளவர்களால் உடனே வேலை செய்ய முடிந்தது. மூதூர்க் கிளையில் செயலி எழவேயில்லை. இருபது நிமிடம் பொறுங்கள் என்றார்கள். இரண்டு மணித்தியாலம் கடந்தும் பழைய முகவரியையே தேடிக்கொண்டிருந்தது.
வாசகர், மூதூர்

பதில்: ஒரே சப்நெட்டுக்குள் கொத்தணி இடம் மாறும்போது ஐபி முகவரியும் கூடவே போய்விடும், பெயர் சுட்டும் முகவரி மாறுவதில்லை. உங்களுடையதில் பெயர் ஒன்று, முகவரி இரண்டு. ஆகவே மாற்றம் நடந்ததை டிஎன்எஸ் வழியாகவே எல்லோரும் அறிய வேண்டியிருக்கிறது.

மூதூரில் ஒரு கணினியில் லிசனர் பெயருக்கு என்எஸ்லுக்அப் கொடுத்து, எத்தனை முகவரி வருகிறது என்று பாருங்கள். இரண்டும் வந்தால், கொத்தணி தன் எல்லா முகவரிகளையும் பதிந்துள்ளது. அவற்றுள் எது உயிரோடு உள்ளது என்பதைச் செயலியே கண்டறிய வேண்டும். செயலி தரவுத்தளத்துடன் இணையும் விவரங்கள் அடங்கிய இணைப்புச் சரத்தில் 'மல்டிசப்நெட் பெயிலோவர்' என்பதற்கு ஆம் என்று எழுதியிருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் முயலும். எழுதாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக முயலும். இறந்த முகவரி முதலில் வந்தால் அதிலேயே சுமார் 21 வினாடி கழியும், இணைப்புக்கான பொறுமையோ இயல்பாக 15 வினாடிதான்.

ஒரே முகவரி மட்டும் வந்தால், உங்கள் மடல் சொல்வது போல் அதுவும் பழையதானால், இருபது நிமிடம் என்று அவர்கள் சொன்னதற்குக் காரணம் உண்டு. கொத்தணி பதியும் டிஎன்எஸ் பதிவின் ஆயுள் இயல்பாக 1200 வினாடி. அதைக் கேட்டுப் பெற்ற கணினி அவ்வளவு நேரம் மறுபடி கேட்காது. 'ஹோஸ்ட் ரெக்கோர்ட் டிடிஎல்' என்ற பண்பை 300 ஆகக் குறைக்கலாம். மாற்றம் செயற்பட லிசனர் பெயரை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும் என்பதால், அதை அலுவலக நேரத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இரண்டு மணித்தியாலத்தை அது விளக்கவில்லை. மாற்றத்தின்போது கொழும்புக் கணு புதிய முகவரியைப் பதிந்தது கொழும்பு டிஎன்எஸ்ஸில். மூதூர் கேட்பதோ திருகோணமலை டிஎன்எஸ்ஸை. அக்டிவ் டிரெக்டரியுடன் இணைந்த வலயமாயின், அந்தப் பதிவு கொழும்பிலிருந்து இங்கு வருவது உவர்மலை வாசகருக்குச் சொன்ன அதே 180 நிமிட நகலெடுப்பின் மூலம்தான். உங்கள் ஆட்கள் ஆயுளை எவ்வளவு குறைத்தாலும், திருகோணமலைச் சேவையகம் பழைய விடையைப் புதிதுபோல மீண்டும் மீண்டும் கொடுத்துக்கொண்டேயிருக்கும். இதை உறுதிப்படுத்த ஒரு நிமிடம் போதும்: என்எஸ்லுக்அப் கட்டளையில் லிசனர் பெயரை அடுத்து ஓர் இடைவெளி விட்டுக் கொழும்பு டிஎன்எஸ்ஸின் முகவரியை எழுதிக் கேளுங்கள், பின்பு அதே பெயரைத் திருகோணமலை டிஎன்எஸ்ஸின் முகவரியுடன் கேளுங்கள். இரு விடைகளும் வேறுபட்டால், இரு தளங்களுக்கிடையேயான நகலெடுப்பு இடைவெளியை 15 நிமிடமாகக் குறைக்கும்படி தலைமை அலுவலகத்தைக் கேட்டு, அவர்கள் அதைச் செய்தபின் ஒத்திகையை மறுபடி வையுங்கள்.